மாடி வீட்டு மீன்களுக்குப் புரட்டாசி

எங்கள் ஓனரம்மா ஒரு காரியத்துக்குச் "சரி" என்று சொல்லிவிட்டால், அந்தக் காரியம் நடக்காது. திண்டிவனத்தில் அவருடைய மாடி போர்ஷனுக்குக் குடிபோன அன்றே எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தோம். "சரி" என்றார். சாமான் இறக்குகிற அன்று வந்து பார்த்தால் கூடம் முழுக்கக் கிளிப்பச்சை. வெள்ளைதானே கேட்டோம் என்றதற்கு, "ஆமா, கேட்டீங்க. வெள்ள அடிச்சா பொங்கலுக்குள்ள அழுக்காயிடும் தம்பி" என்றார். முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி கிடையாது. நாங்கள் கேட்டது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்னார். ஓனரம்மா "சரிங்க" என்றார். கிளினிக் படியிறங்கி நேரே ஸ்வீட் ஸ்டாலுக்குப் போனார். கூடப் போயிருந்த எனக்கும் ஒரு பாதுஷா வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் சரி. பெங்களூரில் இருக்கும் மகன் ஒவ்வொரு தடவை வரும்போதும், "எங்களோட வந்து இரும்மா" என்பான். "சரிப்பா." ஒரு தடவை அவன் நம்பி ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டான். புறப்பட வேண்டிய அன்று காலையில் அவர் ஒலக்கூரில் தன் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற ஆட்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஒரு நாள் கேட்டே விட்டேன், முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடலாமே என்று.

"முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா அதுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க. அரை நாள் பேஜாரு தம்பி. சரின்னா காபி குடிச்சுட்டுப் போயிடுவாங்க."

"அதுக்கோசரம் பொய் சொல்றதா?"

"இன்னா பொய்? நீ சொல்றது சரிதான். நான் செய்யறது வேற."

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவன். ஒரு துளி கூடக் குறையப் பிசகக் கூடாது என்று சம்பளம் வாங்குகிறவன். என்னைக் கொண்டுபோய் இந்த அம்மாவின் மாடியில் குடிவைத்த விதியை நினைத்துப் பல நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஆள் குள்ளம். காதில் கனத்த கம்மல். அந்தக் கம்மலை நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் வீடியோ காலில் கூப்பிட்டால் ஓனரம்மா போனைக் காதில்தான் வைத்துக்கொள்வார். முகத்துக்கு நேரே பிடியுங்கள் என்றால் "சரி" என்பார். மறுபடியும் கம்மல்தான்.

அந்தக் கிளிப்பச்சைக் கூடத்தில்தான் நான் கடல் மீன் தொட்டி வைத்தேன். திண்டிவனத்துக்காரர்களுக்குக் கடல் மரக்காணத்தில் இருக்கிறது. எனக்கு அது கூடத்தில் இருந்தது. சுத்திகரித்த தண்ணீரில் சென்னையிலிருந்து வாங்கி வந்த உப்பைக் கலந்து நானே தயாரித்த கடல். அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, மஞ்சளாக ஒன்று, நீலத்தில் ஒரு பொடியன். இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படி வாங்கி வந்து இரண்டு தடவையும் சாகடித்திருந்தேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. மூன்றாவது தடவை நான் மீன் பையோடு படியேறியபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

"இதுதான் கடைசி. இதுங்களும் செத்துச்சுன்னா தொட்டியில அரிசி கொட்டி வெச்சுக்குவேன்."

அவள் செய்யக்கூடியவள். அவள் சரி என்றால் சரி, முடியாது என்றால் முடியாது. எனவே அந்த நான்கு மீன்களையும் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் தொட்டி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். ஆரஞ்சு ஜோடி கண்ணாடி வரை வந்து என் மூக்குக்கு நேரே நிற்கும். பகல் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு வருகிறவனுக்கு, தன்னைப் பார்த்ததும் ஓடி வருகிற உயிர் வேறு எங்கே கிடைக்கும்? அதுகள் மேல் எனக்கு உயிர். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் அதுதான் உண்மை.

கடல் தொட்டியில் ஒரு விஷயம் எல்லோருக்கும் குழப்பம் தரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ஆகவே மட்டம் குறைந்தால் வெறும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போய் மீனைக் கொன்றுவிடும். ஒரு கல்யாணத்துக்காக விழுப்புரம் போனபோது இதை ஓனரம்மாவுக்கு விளக்கினேன்.

"கடல் மீனுக்கு நல்ல தண்ணியா ஊத்தறது?"

"ஆமாம்மா. நல்ல தண்ணி மட்டும்தான்."

"சரி."

திரும்பி வந்து உப்பளவு பார்த்தேன். கருவியின் முள் மேலே போய் நின்றது. கீழே ஓடினேன்.

"ஒரு கை கல்லுப்புதான் போட்டேன்" என்றார். "நாக்குல வெச்சுப் பாத்தேன், சப்புனு இருந்துச்சு."

குழம்பைப் பார்ப்பதுபோல் என் கடலை ருசி பார்த்திருக்கிறார். அன்று முழுக்க நான் தண்ணீர் மாற்றினேன். அவர் படியில் உட்கார்ந்து, "இவ்ளோ தண்ணிய வீணாக்கறியே தம்பி" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

இப்படிப்பட்டவரிடம் மறுபடியும் சாவியைக் கொடுப்பேனா? கொடுத்தேன். மனைவிக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஏற்காடு, ஏற்காடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நானா, மீனா?" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்கப் போகிற முகத்தோடு நின்றாள். தெருவில் வேறு யாரும் தொட்டிப் பக்கம் வரத் துணியவில்லை. ஓனரம்மா ஒருவர்தான், "நான் பாத்துக்கறேன் தம்பி. மாடி வீடும் என் வூடுதான்" என்றார். நல்லவேளை, சரி என்று சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி.

காலாண்டு விடுமுறை என்றால் புரட்டாசி. அது எனக்கு முதலில் நல்லதாகவே பட்டது. புரட்டாசி முழுக்க அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவார். சனிக்கிழமைகளில் நாமம் போட்டுக்கொண்டு, பெருமாளுக்குப் படையல் வைத்து, தெருவையே கூப்பிட்டு இலை போடுவார். விரதக்காரர் மீன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார், கடல் பிழைத்தது என்று கணக்குப் போட்டேன். புறப்படுகிற அன்று சாயங்காலம்தான் மண்டையில் உறைத்தது. என் மீன்கள் சாப்பிடுவது இறால். நறுக்கி உறையவைத்துச் சின்னச் சின்னக் கட்டியாக ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன்.

டப்பாவைத் திறந்து காட்டினேன். ஓனரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தினம் ஒரே ஒரு கட்டிம்மா. கையால தொட வேணாம், ஸ்பூன்ல எடுத்துப் போட்டாப் போதும்."

அவர் தொட்டியை உற்றுப் பார்த்தார். ஆரஞ்சு ஜோடி வந்து நின்றது.

"இதுங்களைப் பாரு. பொறக்கும்போதே நாமம் போட்டுக்கினு வந்துக்கிதுங்க. புரட்டாசியில இதுங்களுக்கு எராலைப் போடச் சொல்றியே."

"அம்மா, அது நாமம் இல்ல. அதோட ஒடம்புல இருக்கற பட்டை."

"சரி" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். மனைவி கீழே ஆட்டோவில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏற்காட்டில் ஏரி இருந்தது, பனி இருந்தது, என் மனைவி சிரித்த முகமாக இருந்தாள். எனக்கு எல்லாவற்றுக்கும் நடுவே கம்மல்தான் தெரிந்தது. தினமும் கூப்பிடுவேன். "இறால் போட்டீங்களாம்மா?" "அதுங்க நல்லாருக்குது." "உப்பு கிப்பு போடலையே?" "நீ பனியில தலையில துணி கட்டிக்கினு போ தம்பி." தொட்டியைக் காட்டுங்கள் என்றால் போன் ஒரு சுற்றுச் சுற்றி, கிளிப்பச்சைச் சுவர், கூரை, விசிறி என்று காட்டிவிட்டு மறுபடியும் காதுக்குப் போகும். பின்னால் தொட்டி மோட்டாரின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

சனிக்கிழமை காலை அவரே கூப்பிட்டார். முந்தின நாள் சாயங்காலம் நல்ல இடி மழையாம். டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம். விடிய விடியக் கரண்ட் இல்லை, சாயங்காலம்தான் வரும் என்கிறார்களாம். தொட்டிக்குக் காற்று அடிக்கிற மோட்டாருக்கு நான் ஒரு பேட்டரி வைத்திருந்தேன். "அது புர்ருபுர்ருன்னு இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல" என்றார்.

மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று கரையாது. சாயங்காலம் வரை நாலும் தாங்காது.

"அம்மா, கேளுங்க. எவர்சில்வர் சொம்பு ஒண்ணு எடுத்துக்குங்க. தொட்டித் தண்ணிய மொண்டு, மேல இருந்து அதுலயே ஊத்துங்க. டீ ஆத்தற மாதிரி. நுரை வரணும். விடாம செய்யணும்."

திரையில் கம்மல் அசையாமல் இருந்தது.

"முடியாது தம்பி" என்றார்.

நான் திரையை உற்றுப் பார்த்தேன். ஆள் மாறிவிட்டதா என்று சந்தேகம். அத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

"இன்னிக்கி சனிக்கிழம. தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட படையல் பண்ணிக்கினு இருக்கேன். மீன் தண்ணியில கைய வெச்சுட்டு அந்தக் கையால பெருமாளுக்கு எப்படிச் சோறு வெக்கிறது? என்னால முடியாது."

அதோடு சிக்னல் போனது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பிறகு அவர் போனே அணைந்துவிட்டது. கரண்ட் இல்லாத ஊரில் அதற்கும் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

அவர் சரி என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். இந்த "முடியாது" என்னை உட்காரவிடவில்லை. சரி என்றே சொல்லிப் பழகிய வாய் முடியாது என்று சொன்னால் அது எவ்வளவு கெட்டியான முடியாதாக இருக்க வேண்டும்? மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினாள். சேலம் இறங்கி விழுப்புரம் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டியபோது அவள் என் கைமேல் கை வைத்தாள்.

"அரிசியெல்லாம் கொட்ட மாட்டேன்" என்றாள். "சும்மா சொன்னேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேர் சீட்டில் மூன்றாவது ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் பஸ் மாறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் தெருவில் ஆட்டோ நுழைந்தது. விளக்குத்தான் எங்கும் இல்லை. ஓனரம்மா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மாடிப் படியெல்லாம் தண்ணீர். படியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் நாமம் போட்டு, கையில் பித்தளைச் சொம்போடு கோவிந்தா சொல்லி அரிசி வாங்க வருகிற ஆட்கள் இருவர் கூட அந்த வரிசையில் இருந்தார்கள். மீன் செத்ததற்கு இவ்வளவு கூட்டம் துக்கம் கேட்க வருமா?

எதிர்வீட்டுப் பெண் எழுந்து வழிவிட்டாள். "நாங்க ஆத்தி முடிச்சிட்டோம் சார். எங்க முறை ஆயிடுச்சு" என்றாள்.

மேலே ஓடினேன். கூடத்தில் ஒரு குத்துவிளக்கு. அதன் வெளிச்சத்தில் ஓனரம்மா முக்காலி மேல் ஏறி நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எவர்சில்வர் சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு மேலேயிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நுரை பொங்கியது. நெற்றி நாமம் வியர்வையில் வழிந்து மூக்குக்கு வந்திருந்தது. நுரைக்குக் கீழே ஆரஞ்சு ஜோடி. அதற்குப் பின்னால் மஞ்சள். கல்லுக்குப் பக்கத்தில் நீலப் பொடியன்.

"வந்துட்டியா" என்றார். "இந்தா புடி. ஜல்தி, நிறுத்தாத. எனக்குத் தோள்பட்டை கழண்டுபோச்சு."

நான் சொம்பை வாங்கி ஊற்றத் தொடங்கினேன். ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"முடியாதுன்னீங்களேம்மா."

"சொன்னேன். சொல்லிட்டு படையல் முன்னாடி போயி உக்காந்தேன். கண்ண மூடினா பெருமாள் தெரியல தம்பி. இந்த ஆரஞ்சுக்காரன் வாயத் தொறந்துக்கினு நிக்கிறான். மறுபடியும் மூடினேன். மறுபடியும் அவன்தான். இன்னா பண்றது? சோத்த அப்படியே வெச்சுட்டு மேல வந்துட்டேன்."

"விரதம்?"

"செத்தாத்தான் அது கவிச்சி. உசுரோட இருக்கற வரைக்கும் மாடி வீட்டுக்காரன்."

அதன் பிறகு அவர் செய்த ஏற்பாடுதான் கூட்டத்துக்குக் காரணம். படையல் சாப்பிட வந்த யாரும் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஆற்றிவிட்டு வராமல் இலையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். கோவிந்தா போட்டு வந்தவர்களுக்கும் அதே சட்டம். ஆற்றினால்தான் அரிசி. நாளெல்லாம் எங்கள் தெருவே என் கடலுக்கு டீ ஆற்றியிருக்கிறது. நான் கீழே இறங்கி நன்றி சொல்லப் போனபோது ஒருவர், "வருஷா வருஷம் இப்படித்தானா சார்?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. தெருவெல்லாம் ஓவென்று சத்தம். மோட்டார் உறுமியது, தொட்டி விளக்கு எரிந்தது. அப்போதுதான் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியில் வெள்ளையும் சிவப்புமாக, பெரிதாக ஒரு நாமம் போட்டிருந்தது. தொட்டிக்குள் கீரைத் தண்டு ஒன்று மிதந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் இறால் கட்டியெல்லாம் இளகிக் கிடந்தன, ஆனால் டப்பாவில் ஒன்றும் குறையவில்லை.

"அதுங்களும் விரதந்தான்" என்றார் ஓனரம்மா. "கீரையும் கொஞ்சம் படையல் சோறும். மஞ்சளு என்னமா தின்னுது தெரியுமா."

மஞ்சள் மீன் கீரை தின்று வயிறு புடைத்திருந்தது. மற்றவை கொஞ்சம் இளைத்திருந்தன. பிறகு மீன் கடைக்காரரிடம் சொன்னபோது, அவர் தலையை ஆட்டி, "வயிறு நெறைய எறா போட்டிருந்தா தண்ணி கெட்டு, இவ்ளோ நேரம் தாங்கியிருக்காது" என்றார். இதை ஓனரம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அடுத்த புரட்டாசிக்கு என்னைக் கேட்காமலே தொட்டியில் சர்க்கரைப் பொங்கல் போட்டிருப்பார்.

அதற்கப்புறம் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாகிவிட்டது. தொட்டியைச் சின்ன யானை மினி லாரியில் ஏற்றும்போது அவர் வாசலில் நின்று, வண்டிக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லித் திரும்பத் திரும்ப எச்சரித்தார். "விழுப்புரம் எவ்ளோ தூரம்மா, அடிக்கடி வாங்க" என்றோம். "சரி" என்றார். அந்தச் சரிக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள். தீபாவளிக்கு வாங்க, சரி. பொங்கலுக்கு வாங்க, சரி. வருஷங்கள் போயின. ஆரஞ்சு ஜோடி கிழமாகிவிட்டது. ஓனரம்மாவின் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை என்று அவர் மகன் சொன்னான். அவரை மறுபடியும் பார்ப்போம் என்ற நம்பிக்கை எனக்குக் குறைந்துகொண்டே வந்தது.

போன மாதம் கோலியனூர் சாலையில் சொந்த வீடு கட்டிக் குடிபோனோம். புதுமனை புகுவிழாவுக்கு அழைக்கப் போன் செய்தேன். திரையில் அதே கம்மல், காது மட்டும் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

"எங்க தம்பி வர்றது? காலு ஊணவே முடியல. பஸ்ஸு ஏறணும், எறங்கணும், ஆட்டோ புடிக்கணும். முடியாது தம்பி. என்னால முடியாது."

நான் போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். மனைவி விருந்துக்கு எத்தனை இலை என்று சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஓனரம்மாவுக்கு ஒரு இலை சேத்துக்கோ" என்றேன்.

"வர்றேன்னாங்களா?"

"முடியாதுன்னுட்டாங்க."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சமையல்காரரிடம் திரும்பி, இனிப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்றாள்.

விழா அன்று காலை, ஹோமப் புகைக்கு நடுவே நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். பந்தலுக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு கீரைக்கட்டு வெளியே நீண்டது. அப்புறம்தான் அதைப் பிடித்திருந்த கை.